கோழி இளைத்துக்கொண்டே போகிறதா? அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

கோழி இளைப்பது கண்ணுக்குத் தெரியாது. இறகு மூடிவிடும். ஒருநாள் தற்செயலாகத் தூக்கினால் கையில் கனமே இருக்காது. அப்போதுதான் வயிற்றில் புளியைக் கரைக்கும். கொல்லையில் 12 வருடமாகப் பதினைந்து இருபது சிறுவிடைக் கோழிகள் (சின்ன உடம்புள்ள நாட்டுக்கோழி வகை) வைத்திருக்கிறேன். வருடத்துக்கு இரண்டு மூன்று முறையாவது இந்தக் கதை நடக்கிறது.

முன்பெல்லாம் எனக்கு ஒரே வைத்தியம்தான். கோழி இளைத்ததா, குடற்புழு மருந்து ஊற்று. தேறவில்லையா, இரண்டு வாரம் கழித்து மறுபடி ஊற்று. சில சமயம் பலித்தது, அதனாலேயே அந்தப் பழக்கத்தை விட நாளானது. பலிக்காத கோழிகளுக்கு வேறு ஏதோ கோளாறு இருந்திருக்கிறது. புழு மருந்தை நம்பிக் காத்திருந்த நாட்களிலேயே அவை போய்ச் சேர்ந்தன. இப்போது மருந்துப் பாட்டிலைத் தொடுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி கோழியைத் தனியே வைத்துப் பார்க்கிறேன். கீழே சொல்லும் கிளைகள் எல்லாம் அந்த ஒரு ராத்திரியிலிருந்துதான் பிரிகின்றன.

## முதலில்: உண்மையிலேயே இளைத்திருக்கிறதா?

இருட்டி, கோழி அடைந்த பிறகு பிடியுங்கள். துரத்த வேண்டியிருக்காது, கோழியும் பதறாது. நெஞ்சுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, நடுவில் ஓடும் நெஞ்செலும்பை விரலால் தடவுங்கள். நல்ல உடம்புள்ள பெட்டைக்கு எலும்பின் இரண்டு பக்கமும் சதை மாம்பழக் கன்னம் மாதிரி உருண்டிருக்கும். எலும்பின் விளிம்பு மட்டும் விரலில் தட்டும். இளைக்க ஆரம்பித்தால் சதை சரிந்து தட்டையாகும். இன்னும் மோசமானால் இரண்டு பக்கமும் குழி விழுந்து எலும்பு கத்தி போல நிற்கும். சந்தேகமாக இருந்தால் அதே வயதுள்ள இன்னொரு பெட்டையைப் பிடித்துத் தடவிப் பாருங்கள். முட்டைக்கு வராத வெடக்கோழியும் சேவலும் ஒப்பிட உதவாது, அவற்றின் உடற்கட்டே வேறு.

அப்புறம் எடை. கொக்கி போட்ட சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று போதும். கோழியைத் துணிப்பையில் போட்டு, தலையை வெளியே விட்டுத் தொங்கவிட்டால் சத்தமில்லாமல் இருக்கும். விடியற்காலையில், தீனி போடுவதற்கு முன்பு எடை போடுங்கள். சாயங்காலம் தீனிப்பை (தின்றது முதலில் போய்த் தங்கும் கழுத்தடிப் பை) நிறைந்திருக்கும்போது போட்டால் எடை கூடுதலாகக் காட்டி ஏமாற்றிவிடும். வளர்ந்த சிறுவிடைப் பெட்டை ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை இருக்கும். ஒருநாள் எடையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, வாரா வாரம் இறங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

மூன்று விஷயங்களை இங்கேயே கழித்துவிடலாம்.

அடையில் இருந்ததா? நாட்டுக்கோழி 21 நாள் அடையில் உட்கார்ந்தால், ஒரு நாளைக்கு ஒருமுறை இறங்கி நாலு வாய் கொத்திவிட்டு ஓடிவிடும். எடையில் பத்தில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோ போய்விடும். குஞ்சு பொரித்த பிறகும் கிடைப்பதைக் குஞ்சுக்குத்தான் விட்டுக்கொடுக்கும். மூன்று நான்கு வாரத்தில் தானாகத் தேறிவிடும், நோய் இல்லை. முட்டையே வைக்காமல் வெறுங்கூட்டில் மாதக்கணக்கில் உட்காருகிற கோழியைத்தான் கிளப்பிவிட வேண்டும். அதற்காக மூக்கில் இறகைக் குத்திவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வதை, வேறொன்றுமில்லை. கூட்டை எடுத்துவிட்டு, அடியில் காற்றோடும் கம்பிக் கூண்டில் மூன்று நாள் தீனி, தண்ணீரோடு வைத்தால் அடை தெளிந்துவிடும்.

இறகு உதிர்க்கிறதா? புது இறகு முளைக்கும் இரண்டு மூன்று மாதம் முட்டை நிற்கும், உடம்பு கொஞ்சம் வற்றும். நல்ல தீனி போட்டால் போதும்.

வயது? ஐந்தாறு வருடமான கோழிக்கு நெஞ்சுச் சதை மெல்ல வற்றுவது இயல்பு. ஆனால் ஒரே மாதத்தில் கால் கிலோ போனால் அதை வயதின் தலையில் கட்டாதீர்கள்.

இதில் எதுவும் இல்லையென்றால் மேலே போகலாம்.

## ஒரு ராத்திரி பஞ்சாரத்தில்

மாலை நான்கு மணிக்குக் கோழியைத் தனியே பஞ்சாரத்திலோ பெரிய அட்டைப்பெட்டியிலோ வையுங்கள். அடியில் செய்தித்தாள். 100 கிராம் தீனி நிறுத்து வையுங்கள், தண்ணீரும் வையுங்கள். பத்து நிமிடம் தள்ளி உட்கார்ந்து அது தின்பதைப் பாருங்கள். இந்தப் பத்து நிமிடத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

இருட்டியதும் தீனிப்பையைத் தொடுங்கள். கழுத்து நெஞ்சோடு சேரும் இடத்தில், கோழியின் வலப்பக்கமாக இருக்கும். தின்ற கோழிக்கு அது எலுமிச்சை அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ, பிசைந்த மாவு போல இருக்கும். விடிந்ததும், தீனி போடுவதற்கு முன் மறுபடி தொடுங்கள். அப்போது காலியாகியிருக்க வேண்டும். மிச்சத் தீனியை நிறுங்கள். பிறகு தாளில் கிடக்கும் எச்சத்தைப் பாருங்கள்.

எச்சம் பார்ப்பதில் ஒரு குழப்பம் வரும். சாதாரண எச்சம் பழுப்போ கரும்பச்சையோ, மேலே வெள்ளைத் தொப்பி வைத்திருக்கும். எட்டுப் பத்துக்கு ஒன்று மட்டும் காப்பிக்கொட்டை நிறத்தில், கூழாக, குடலைப் புரட்டும் நாற்றத்தோடு இருக்கும். அது குடல்வாலிலிருந்து வருவது, இயல்பானதுதான். இதைக் கழிச்சல் என்று நினைத்து மருந்து வாங்கப் போனவர்களில் நானும் ஒருவன்.

இனி உங்கள் கோழி எந்தக் கிளை என்று பாருங்கள்.

## நன்றாகத் தின்கிறது, தீனிப்பை நிறைகிறது, காலையில் காலியாகிறது, ஆனாலும் இளைக்கிறது

கொல்லையில் அதிகம் பார்ப்பது இதைத்தான். செலவில்லாத காரணத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

தீனியில் சத்து இருக்கிறதா? வெறும் அரிசியும் தவிடும் போட்டால் வயிறு நிறையும், உடம்பு பிடிக்காது. அரிசியில் புரதம் 7, 8 சதவீதம்தான். முட்டையிடும் கோழிக்கு 16 சதவீதமாவது வேண்டும். மேய்ச்சல் இருந்த வரைக்கும் பூச்சியும் கரையானும் அந்தக் குறையை ஈடுகட்டிக்கொண்டிருந்தன. பக்கத்துக் காலிமனையில் வீடு கட்டிவிட்டார்கள், கொல்லைக்கு சிமெண்ட் போட்டாயிற்று, கோழிக்குப் போடும் குருணை மட்டும் அதே குருணை என்றால் எப்படித் தேறும்? கம்பு, சோளத்தோடு கடலைப்புண்ணாக்கு, கருவாட்டுத்தூள், முருங்கைக்கீரை சேருங்கள். சாணமும் ஈரச் சாக்குமாகப் பானையைக் கவிழ்த்துக் கரையான் பிடிப்பதற்கு ஈடாக இன்னும் எதுவும் வரவில்லை. முடியாதவர்கள் பாதிக்குப் பாதி முட்டைக்கோழித் தீவனம் கலக்கலாம். புண்ணாக்கையும் மக்காச்சோளத்தையும் முகர்ந்து பாருங்கள். பூஞ்சணம் பிடித்தது என்றால் அப்படியே குழியில் கொட்டுங்கள், வெயிலில் காயவைத்தாலும் அதன் நஞ்சு போகாது.

பேன், செல்லு (ரத்தம் குடிக்கும் பொடிப்பூச்சி). பகலில் வால் அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் இறகை விலக்கிப் பாருங்கள். வைக்கோல் நிறத்தில் ஓடுவது பேன். இறகின் அடித்தண்டில் வெள்ளைக் கட்டியாக, உப்பை அப்பியது போல ஒட்டியிருப்பது அதன் முட்டை. செல்லில் ஒரு வகை பகலில் கண்ணில் படவே படாது. மூங்கில் பிளவிலும் சுவர் வெடிப்பிலும் ஒளிந்திருந்து, ராத்திரி வந்து ரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். ராத்திரி பத்து மணிக்கு டார்ச்சும் வெள்ளைத் துணியுமாகப் போங்கள். கோழி அடையும் கம்பின் அடிப்பக்கத்தைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் செம்புள்ளிகள் நசுங்கி வந்தால் காரணம் கிடைத்துவிட்டது. கொண்டை வெளுத்த கோழி, கூண்டுக்குள் போக மறுத்து மரத்தில் ஏறும் கோழி, இரண்டும் இதைத்தான் சொல்கின்றன.

கோழியை மட்டும் கவனித்தால் போதாது. கூண்டைக் காலி செய்து, வெடிப்புகளை அடைத்து, சுண்ணாம்பு அடியுங்கள். பழைய பிரம்புக் கூடையைக் கொளுத்திவிடுவதே மேல். கோழிகள் புரள்வதற்குச் சாம்பலும் மண்ணும் கலந்து ஒரு குழி. மருந்து போட்டால் 7 முதல் 10 நாளில் இரண்டாம் முறை போட்டே ஆக வேண்டும். முதல் முறை தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும். மாட்டு உண்ணி மருந்தைக் கண்ணளவில் கலந்து கோழியை முக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பேனோடு கோழியும் சேர்ந்து போகும். அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குடற்புழு. இதற்கு முறை இப்போதுதான் வருகிறது. எச்சத்தில் புழு தெரியவில்லை என்பதால் புழு இல்லை என்று அர்த்தமில்லை. முட்டைகள்தான் எச்சத்தில் வரும், அவை கண்ணுக்குத் தெரியாது. சேமியா போல நீளமாக வந்தால் உருண்டைப்புழு. புது எச்சத்தின் மேல் அரிசிக்குருணை போலத் தட்டையாக, சில சமயம் நெளிந்துகொண்டிருந்தால் நாடாப்புழு. இந்த வேறுபாடு முக்கியம். கடையில் கிடைக்கும் பைப்பரசின் என்ற புழு மருந்து உருண்டைப்புழுவை மட்டும்தான் வெளியேற்றும். நாடாப்புழு உள்ள கோழிக்கு அதை எத்தனை முறை ஊற்றினாலும் பலனில்லை, அதற்கு வேறு மருந்து. எறும்பு, வீட்டு ஈ, வண்டு ஆகியவற்றைத் தின்பதால் நாடாப்புழு வருகிறது என்பதால் குப்பைக்குழி பக்கத்தில் மேயும் கோழிகளுக்கு அதிகம்.

காலை எச்சத்தை ஒரு சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். நுண்ணோக்கியில் பார்த்து எந்தப் புழு என்று சொல்லிவிடுவார்கள். மருந்து கோழியின் எடைக்குத் தக்கபடி. நீங்கள் போட்ட எடை இங்கே உதவும். எத்தனை நாள் முட்டையைத் தின்னக்கூடாது என்றும் கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மறந்துவிடுவதுண்டு.

இவை எல்லாம் சரி, இன்னும் இளைக்கிறது. இரண்டு வயது தாண்டிய கோழி, பசி குறையவில்லை, கொண்டை வெளிறுகிறது, நெஞ்சு வற்றிக்கொண்டே போகிறது என்றால் காசநோய் என்ற சந்தேகம் வர வேண்டும். என்னிடம் ஒரு புள்ளிப்பெட்டை அப்படித்தான் மூன்று மாதம் இழுத்தது. கடைசி நாள் வரை தீனிக்கு ஓடிவந்தது. பக்கத்து வீட்டு அப்பத்தா தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னய்யா, கோழி வெறுங்கூடா இருக்கு? அடிச்சுக் கொழம்பு வெச்சிரு, இருக்கறதாவது மிஞ்சும்" என்றார். நல்லவேளை கேட்கவில்லை. செத்த பிறகு அறுத்துப் பார்த்ததில் கல்லீரலிலும் குடலிலும் கடுகிலிருந்து பட்டாணி வரைக்கும் மஞ்சள் வெள்ளை முடிச்சுகள். கோழிக் காசநோய்க்கு வீட்டுக் கோழிக்குச் செய்யும் மருத்துவம் கிடையாது. கிருமி மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். சந்தேகம் வந்ததுமே அந்தக் கோழியைப் பிரித்துவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். காரணம் தெரியாமல் வற்றிய கோழி எதுவானாலும் குழம்புக்கு வேண்டாம்.

## தீனியிடம் ஓடிவருகிறது, ஆனால் சாயங்காலம் தீனிப்பை காலி

இங்கே இரண்டே கேள்விதான். தின்ன விடவில்லையா, தின்ன முடியவில்லையா?

தனியே பஞ்சாரத்தில் வைத்ததும் வெறி பிடித்ததுபோல் தின்று தீர்த்தால், மற்ற கோழிகள் அதை விரட்டுகின்றன என்று அர்த்தம். புதிதாக வாங்கி விட்ட கோழி, நோயிலிருந்து எழுந்த கோழி, கூட்டத்தில் கடைக்குட்டி, இவைதான் இதில் மாட்டும். ஒரே தட்டில் போடாமல், ஒன்றையொன்று பார்க்க முடியாத இரண்டு மூன்று இடங்களில் தீனியும் தண்ணீரும் வையுங்கள். பத்து நாளில் எடை ஏறவில்லை என்றால் வேறு காரணம் தேடுங்கள்.

தனியே வைத்தும் தின்னவில்லை என்றால் வாயைத் திறந்து பாருங்கள். இதை நான் ஒரு செவலைப் பெட்டையிடம் கற்றுக்கொண்டேன். தீனி போட்டால் முதல் ஆளாக வரும். கொத்தும், தலையைச் சிலுப்பும், மறுபடி கொத்தும். பார்ப்பவருக்கு வெளுத்துக்கட்டுவது போலத்தான் இருக்கும். நானும் அதை நம்பி இரண்டு முறை புழு மருந்து கொடுத்தேன். 1,400 கிராம் இருந்தது 1,120-க்கு வந்துவிட்டது. பஞ்சாரத்தில் வைத்த 100 கிராம் தீனியில் காலையில் 90-க்கு மேல் மிச்சம், அதில் பாதி சிதறிக் கிடந்தது. வீட்டில் ஒருவர் கோழியைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, நான் அலகைத் திறந்து டார்ச் அடித்தேன்.

நாக்கின் அடியில் ஒரு வெள்ளை நூல். வெள்ளிக்கிழமை சாமி படத்துக்குப் போடும் மல்லிகைச் சரத்தை வாடியதும் குப்பையில் எறிவோம். பூவைக் கொத்தப்போய் நூலும் கூடப் போயிருக்கிறது. நடுப்பகுதி நாக்கைச் சுற்றி இறுகி, முனைகள் தொண்டைக்குள் இறங்கியிருந்தன. நாக்கு நாவல்பழம் தின்றது போல நீலம் பாரித்து வீங்கியிருந்தது. பிடித்து இழுக்கத்தான் கை போகும். இழுக்கவே கூடாது. மறுமுனை அரைவைப்பையிலோ குடலிலோ சிக்கியிருந்தால் உள்ளே அறுத்துவிடும். நகம் வெட்டும் சின்னக் கத்தரியால் நாக்கைச் சுற்றியிருந்த வளையத்தை மட்டும் வெட்டிவிட்டேன். மீதி நூல் மூன்றாம் நாள் எச்சத்தோடு சுருண்டு வந்தது. ஒரு வாரம் கம்பங்கூழ்தான் கொடுத்தேன், ஐந்து வாரத்தில் பழைய எடைக்கு வந்துவிட்டது. கத்தரி வைக்கும்போது கை நடுங்குமென்றால் கோழியை அப்படியே மருத்துவரிடம் தூக்கிப் போங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

வாயில் நூல் இல்லாமல், மஞ்சளாகப் பாலாடை போல ஒட்டியிருந்தால் அம்மையோ வாய்ப்புண்ணோ. சுரண்டி எடுக்காதீர்கள், ரத்தம் கொட்டும். கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் இருந்தால் அம்மை என்று ஓரளவு உறுதி. வெளிக்கொப்புளம் மட்டும் என்றால் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிக் காத்திருக்கலாம். வாய்க்குள் வந்துவிட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், மூச்சுக்குழல் அடைத்துப் போகும். அலகு கோணி வளர்ந்திருந்தால் நுனியை நகம்போலக் கொஞ்சம் கொஞ்சமாக ராவிவிட்டால் போதும்.

## விடிந்தும் தீனிப்பை காலியாகவில்லை

அழுத்தினால் எப்படி இருக்கிறது?

கல் போல், கயிற்றுப்பந்து போல் இருந்தால் அடைப்பு. நீளப் புல், வைக்கோல், சாக்கு நார், பிளாஸ்டிக் துணுக்கு, ரப்பர் பேண்டு, எதுவாகவும் இருக்கலாம். தீனியை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். தேங்காய் எண்ணெய் இரண்டு மூன்று மில்லி, அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பிறகு பையை ஐந்து நிமிடம் மெதுவாகப் பிசைந்து கட்டியை உடையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. மறுநாள் இதே நேரத்துக்குள் இளகவில்லை என்றால் மருத்துவர் பையைக் கீறி எடுக்க வேண்டியிருக்கும். சின்ன அறுவைதான். என் பாட்டி பிளேடும் ஊசிநூலும் வைத்துத் திண்ணையிலேயே செய்திருக்கிறார், கோழி அன்று சாயங்காலமே மேய்ந்தும் இருக்கிறது. பிழைக்காதவற்றைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. நான் செய்ய மாட்டேன்.

தண்ணீர்ப் பலூன் போல் தளதளவென்று இருந்து, வாயில் புளித்த நாற்றம் வந்தால் உள்ளே பூஞ்சை வளர்ந்து புளித்திருக்கிறது. கோழியைத் தலைகீழாகப் பிடித்துக் கக்க வைக்கிறார்கள். கக்குவது மூச்சுக்குழலுக்குள் போனால் கோழி கையிலேயே செத்துவிடும். ஒரு நாள் தீனியை நிறுத்தி, சுத்தமான தண்ணீர் மட்டும் வைத்துவிட்டு, பூஞ்சைக்கான மருந்துக்கு மருத்துவரிடம் போங்கள்.

சரியான பிறகு மறுபடி மறுபடி அடைத்தால், கோளாறு தீனிப்பையில் இல்லை, அதற்குக் கீழே எங்கேயோ இருக்கிறது. அது வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது.

## தீனியைத் தொடவில்லை, இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கி நிற்கிறது

இங்கே எச்சத்தின் நிறம்தான் வழிகாட்டும்.

கொஞ்சமே கொஞ்சம், பளிச்சென்ற பச்சையாக: வயிற்றில் ஒன்றும் இல்லை, பித்தம் மட்டும் வருகிறது. பட்டினியின் அடையாளம் இது, காரணத்தை மற்ற இடத்தில் தேட வேண்டும்.

ரத்தம் கலந்து: ரத்தக் கழிச்சல். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குஞ்சுகளில்தான் அதிகம், மழைக்காலத்தில் ஈரத் தரையில் வைத்தால் வரும். அம்ப்ரோலியம் போன்ற மருந்து கேட்கும், ஆனால் தாமதிக்கக் கூடாது. தரையைக் காயவைப்பதுதான் பாதி வைத்தியம்.

வெள்ளையும் பச்சையுமாகத் தண்ணீர் போல், கூடவே இருமல், மூச்சிரைப்பு, கழுத்துத் திருகல்: வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட். இது மெதுவாக இளைக்கவைக்கும் நோயில்லை, நாலைந்து நாளில் கூட்டத்தையே வாரிக்கொண்டு போய்விடும். வந்த பிறகு மருந்தில்லை. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணில் சொட்டு, எட்டு வாரத்தில் ஊசி, இந்த இரண்டையும் விடாதீர்கள். தமிழ்நாட்டில் கால்நடைத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இருவார முகாம் நடத்தி இலவசமாகப் போடுகிறது. பிழைத்த கோழி சில மாதம் கழுத்துக் கோணலோடு, குறி தவறிக் கொத்திக்கொண்டு இளைத்துக் கிடப்பதுண்டு. அதற்கு ஆழமான கிண்ணத்தில் தீனி வைத்தால் தேற வாய்ப்பிருக்கிறது.

கடும் கோடையில் எல்லாக் கோழியும் தண்ணீராகக் கழியும். அது வெயில். நிழலும் மண்பானைத் தண்ணீரும் வையுங்கள்.

## நெஞ்சு ஒட்டியிருக்கிறது, வயிறு மட்டும் பெருத்திருக்கிறது

தராசை நம்புகிறவர்கள் ஏமாறும் இடம் இதுதான். நெஞ்சுச் சதை போன அளவுக்கு வயிற்றில் நீர் சேர்ந்திருந்தால் எடை இறங்கியதாகவே காட்டாது. அதனால்தான் முதலில் கையால் தடவச் சொன்னேன்.

கோழி வாலைத் தாழ்த்தி, உடம்பை நிமிர்த்தி, கால் அகட்டி நடக்கிறதா? கூட்டுக்குப் போய்ப் போய் முக்குகிறதா? முட்டை அடைத்திருக்கலாம். ஆசனவாய்க்குப் பக்கத்தில் வயிற்றைத் தொட்டால் முட்டை கெட்டியாகத் தட்டும். கை பொறுக்கும் வெந்நீரில் வயிறு மூழ்க 15, 20 நிமிடம் உட்கார வையுங்கள். ஆசனவாயில் கொஞ்சம் எண்ணெய் தடவி, இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். வயிற்றை அமுக்கி வெளியே தள்ளப் பார்க்காதீர்கள், உள்ளே உடைந்தால் தீர்ந்தது. சாயங்காலம் வரை வரவில்லை என்றால் மருத்துவர்.

முட்டை தட்டவில்லை, வயிறு தண்ணீர்ப்பை மாதிரி ஆடுகிறது, முட்டையிட்டு வாரக்கணக்காகிறது என்றால் மஞ்சள்கரு உள்வயிற்றில் விழுந்து கெட்டிருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். மருத்துவர் ஊசியால் நீரை இறக்கி மூச்சுவிட வைப்பார், மருந்தும் தருவார். பெரும்பாலும் நாளைத் தள்ளிப்போடத்தான் முடியும். எவ்வளவு செலவழிப்பது என்பது அவரவர் மனசு.

## இளைப்பும் நொண்டலும் சேர்ந்து வந்தால்

உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். கறுப்புப் பொருக்கோடு வீங்கியிருந்தால் ஆணிப்புண்; வலியில் தீனிக்கு நடக்க முடியாமல் இளைத்திருக்கும். கட்டுப் போட்டு, மெத்தென்ற தரையில் வைத்தால் ஆறும்.

காலில் ஒன்றுமில்லாமல், ஒரு கால் முன்னேயும் ஒரு கால் பின்னேயும் நீட்டிப் படுத்தால் மேரெக்ஸ் என்ற நரம்பு நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். நான்கைந்து மாத வெடக்கோழிகளைத்தான் பிடிக்கும். மருந்தில்லை. பண்ணைக் குஞ்சுகளுக்குப் பொரித்த அன்றே தடுப்பூசி போட்டுவிடுவார்கள். தாய்க்கோழி பொரித்த நம் வீட்டுக் குஞ்சுகளுக்கு அது கிடைப்பதில்லை.

## எப்போது மருத்துவரிடம் போவது?

இரண்டு நாளாக ஒன்றும் தின்னாத கோழி, வாய் திறந்து மூச்சுவிடும் கோழி, எச்சத்தில் ரத்தம், 24 மணி நேரத்தில் இளகாத தீனிப்பை, ஒரே வாரத்தில் இரண்டாவது கோழிக்கும் அதே அறிகுறி: இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. ஆனால் ஒற்றைக் கோழிக்கு, காலையில் கூடையில் வைத்து நாமே மருந்தகத்துக்குத் தூக்கிப்போவதுதான் வேகம். போகும்போது இரண்டு எடை, மிச்சத் தீனியின் அளவு, காலை நேரத் தீனிப்பை, எச்சம் உள்ள டப்பா, இவற்றைச் சொல்லுங்கள், காட்டுங்கள். "சரியா தின்ன மாட்டேங்குது சார்" என்று மட்டும் சொன்னால் அவரும் புழு மருந்துதான் எழுதுவார்.

ஒரே நாளில் பல கோழிகள் திடீரென்று செத்தால் தொடாதீர்கள், அறுக்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலா என்று அவர்கள்தான் பார்க்க வேண்டும்.

காரணம் பிடிபடாமலே ஒரு கோழி செத்துவிட்டால் புதைத்துவிடாதீர்கள். மீதிக் கோழிகளுக்கு அந்த உடம்புதான் சாட்சி. பல மாவட்டங்களில் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் அறுத்துப் பார்த்துச் சொல்வார்கள். இறகை நனைத்து, இரண்டு பாலித்தீன் பையில் கட்டி, ஐஸ்கட்டிக்கு நடுவே வைத்து அன்றைக்கே கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், உறைந்து இளகிய ஈரலில் எதையும் சரியாகப் பார்க்க முடியாது. என் புள்ளிப்பெட்டையை முதலில் ஃப்ரீசரில்தான் வைத்தேன். அரை மணி நேரத்தில் வீட்டில் யாரோ ஐஸ்கிரீம் எடுக்கத் திறந்து போட்ட கூச்சலில் வெளியே எடுக்கும்படி ஆனது. அதனால்தான் உறையாமல் போய்ச் சேர்ந்தது.